ஹோர்னில் மட்டும் கேட்கும் குரவை

என் மனைவி குரவை போட்டால் நாக்கின் ஒவ்வோர் அசைவும் தனித்தனியாகக் கேட்கும். மற்றப் பெண்களின் குரவை ஒன்றாகச் சேர்ந்து ஓர் இரைச்சலாக எழும்பும். அவளுடையது அதற்கு மேலே ஏறி, கிழியாமல் நிற்கும். எங்கள் ஊர் அம்மன் கோயில் வருடம் முழுவதும் பூட்டிக் கிடக்கும். வைகாசியில் எட்டு நாள் சடங்குக்குத்தான் கதவு திறப்பது. அந்தக் கதவு திறக்கும் நேரத்தில் முதற்குரவை அவளுடையது. யாரும் அவளை அதற்கு நியமிக்கவில்லை. அவள் தொடங்காமல் மற்றவர்கள் தொடங்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

எனக்கு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை வட்டையில் மூன்று ஏக்கர் வயல். சடங்கு வருவது கோடை வெள்ளாமைக்குத் தண்ணீர் கட்டுகிற காலம். அதனால் சில வருடங்களில் கதவு திறக்கும்போது நான் வரம்பில் நின்றிருக்கிறேன். கோயில் ஹோர்ன் ஸ்பீக்கரை வாவியைப் பார்த்துத்தான் கட்டுவார்கள். தண்ணீருக்கு மேலால் வரும்போது பாட்டின் சொற்கள் விளங்காது, உடுக்குச் சத்தமும் கலங்கித்தான் வரும். ஆனால் அவளுடைய குரவை வந்து சேரும். மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கிழக்கே பார்த்துக் கும்பிடுவேன். வீட்டுக்கு வந்ததும் கேட்பாள்.

“கேட்டிச்சா?”

“கேட்டது. நடுவுல ஒருக்கா மூச்சு விட்டாய்.”

“ஓம் ஓம், வாவிக்கு அங்கால நிண்டு என்ட மூச்சையும் கேட்டீங்களாக்கும்!”

உண்மையாகவே கேட்டிருந்தேன். ஒரு சின்ன இடைவெளி. பிறகு இன்னும் கொஞ்சம் மேலே ஏறித் தொடங்குவாள்.

மூன்று வருடங்களுக்கு முன், சடங்கு முடிந்து ஒரு மாதத்தில், டெங்குக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. ஆறே நாள். நான் இதை எழுதுவது அவளுடைய அருமை பெருமையைச் சொல்வதற்கு அல்ல. அவளுடைய குரலைக் கெடுத்தவனை நான் என்ன செய்தேன், அதில் எனக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து உறவுக்காரர் எல்லாரும் போன பிறகுதான், அவளுடைய குரல் இந்த வீட்டில் ஒரு மூலையிலும் இல்லை என்பது எனக்கு உறைத்தது. கலியாணத்துக்குப் படம் மட்டும் எடுத்தோம். பிள்ளை இல்லாத வீடு. ஒரே கூரைக்குக் கீழே இருப்பவர்கள் யார் யாருக்குப் போனில் குரல் அனுப்புவது? போனில் பதிவு செய்யப்போனால் அவள் வாயைப் பொத்திக்கொள்வாள். பத்துப் பதினைந்து படம் கிடந்தது. எல்லாப் படத்திலும் வாய் மூடியிருந்தது.

அப்போதுதான் மச்சான் ஞாபகம் வந்தான். அவளுடைய ஒரே தம்பி. கோயிலுக்கும் கலியாண வீடுகளுக்கும் சவுண்ட் செட் போடுகிறவன். இரண்டு ஹோர்ன், ஓர் அம்ப்ளிபயர், ஒரு பழைய லெப்டொப், இதுதான் அவனுடைய செட். அந்த வருடச் சடங்கில், அவள் இருந்த கடைசிச் சடங்கில், பெண்கள் இருக்கும் பக்கத்தில் முதன்முறையாக அவன் ஒரு மைக் வைத்தான். “அக்காட குரவைக்கு எண்டே ஒரு மைக்” என்று பகிடி விட்டான். எட்டு நாளும் லெப்டொப்பில் பதிவாகியிருந்தது.

போய்க் கேட்டேன்.

“ரெண்டு கிழமை தாங்க அத்தான்,” என்றான். “எல்லாத்தையும் ஒழுங்காக்கித் தாறன்.”

இரண்டு கிழமையில் ஒரு மெமறி சிப்பைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தான். விரல் நகத்தளவு. “ஐஞ்சு வருசச் சடங்கும் இதுக்குள்ள கிடக்கு. இனிச் சிப் மாத்தத் தேவயில்ல” என்றான். அதில் அவனுக்கு ஒரு பெருமை. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. முந்திய ஒரு சடங்கில் நடுவில் சிப் மாற்றும்போது கலியாண வீட்டுச் சிப்பைப் போட்டுவிட்டான். கட்டாடியார் அம்மனுக்குத் தீபம் காட்டிக்கொண்டிருக்க, ஹோர்னில் சினிமாப் பாட்டு போனது. பூசை செய்கிற அந்த மனிதர் கையில் தீபத்தோடு திரும்பிப் பார்த்த பார்வையை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. அன்றிலிருந்து அவனுக்கு ஒரே எண்ணம்: எல்லாம் ஒரே சிப்புக்குள் இருக்க வேண்டும். அவனுடைய அம்ப்ளிபயரோ பழசு, பெரிய சிப் போட்டால் வாசிக்காது. ஆகவே சின்னச் சிப்புக்குள் எல்லாவற்றையும் போட்டு அமத்தினான்.

நான் அன்றைக்குச் சாமி அறையில் விளக்கு ஏற்றி வைத்துவிட்டு, சிப்பைப் போனில் போட்டு, ஹெட்செட்டைக் காதில் மாட்டினேன். பாட்டு வந்தது. அது பாட்டுத்தான், ஆனால் பாடியவர்கள் எல்லாரும் ஈரச் சாக்குக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடினதுபோல் இருந்தது. சிலம்பு குலுங்குகிற இடத்தில் தாச்சியில் கடுகு வெடிக்கிற மாதிரி ஓர் இரைச்சல். உடுக்கு அடிக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் முன்னால் ஒரு நிழல் அடி. பொறுத்துக்கொண்டு கேட்டேன். நான் காத்திருந்தது அவளுக்கு.

வந்தாள். வந்தது அவள் அல்ல. நாக்கின் அசைவு ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, குடத்தைத் தண்ணீருக்குள் அமத்தினால் வருகிற குமிழிச் சத்தமாக இருந்தது. மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் தட்டையாகப் போய், ஓரத்தில் ஒரு விசில் சத்தம் வந்து வந்து போனது. என் மனைவியின் வாயில் யாரோ மண்ணை அள்ளிப் போட்டமாதிரி. ஹெட்செட்டைக் கழற்றி வைத்தேன்.

போனில்தான் பிழை என்று நினைத்து, காத்தான்குடியில் போன் திருத்துகிற, எல்லாரும் காக்கா என்று கூப்பிடுகிற முஸ்லிம் மனிதர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் தன்னுடைய ஹெட்செட்டில் கேட்டார். முகத்தைச் சுளித்தார். பிறகு திரையில் ஓர் இலக்கத்தைக் காட்டினார்.

“இது பதினாறுல அமத்தி இரிக்கி ஐயா.”

“பதினாறு எண்டா?”

“ஒரு செக்கனுக்கு எவ்வளவு சத்தத்த வெச்சிக்கிற எண்ட அளவு. எங்கட பள்ளி ஓதல் பதிவுக்கே நான் அறுவத்திநாலுக்குக் கீழ போக மாட்டன். பாட்டுக்கு நூத்தி இருவத்தெட்டாவது வேணும். பைலைச் சின்னதாக்கச் சொன்னா, காதுக்குத் தெரியாது எண்டு மெசின் நெனைக்கிற சத்தத்த வெட்டி எறியும். கொஞ்சம் வெட்டினா ஆருக்கும் விளங்காது. இப்பிடி வெட்டினா மிச்சம் கிடக்கிறதும் பிழைச்சிப் போகும். உடுக்கு, சிலம்பு, இந்தக் குரவை எல்லாம் கெதியா அடிக்கிற சத்தம். அதுகள்தான் முதல்ல சாகிற.”

“திருப்பிப் பெரிசாக்கித் தாங்களன்.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை போலும். பெரிய இலக்கத்தில் மாற்றித் தந்தார். பைல் இருபது மடங்கு பெருத்திருந்தது. அங்கேயே கேட்டேன். அதே குமிழி.

“பை பெருத்திரிக்கி ஐயா. உள்ளுக்க கிடக்கிற சாமான் அதுதான். பிழிஞ்சி எறிஞ்ச தேங்காப்பூவுல முதற்பால் எடுக்கலாமா? முதல் எடுத்த பைல் ஆரிட்ட இரிக்கி? அதக் கேளுங்க.”

நேரே மச்சான் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் வயர் சுற்றிக்கொண்டிருந்தான்.

“மச்சான், மற்றது எங்க?”

“எது மற்றது?”

“முதல் எடுத்தது. பெரிசு.”

“அது அழிச்சாச்சி அத்தான். ஆவணிக் கலியாண வீடியோவுக்கு இடம் காணாமப் போச்சி. என்னத்துக்கு? எல்லாம் சிப்புல இரிக்கிதானே.”

காக்கா சொன்னதை எல்லாம் சொன்னேன். பதினாறு, நூற்றி இருபத்தெட்டு. அவன் சிரித்தான்.

“ஹோர்ன்ல போட்டுக் கேட்டுத்தான் அழிச்சன். ஒரு வித்தியாசமும் இல்ல. நீங்க காதுக்குள்ள வயர ஓட்டித்துக் கேட்டா அப்பிடித்தான் கேக்கும். கோயில்ல ஆர் அத்தான் காதுக்க வயர் ஓட்டிற?”

அந்தச் சிரிப்பு. அவன் குரலை அழித்ததைக்கூட ஒருவேளை பொறுத்திருப்பேன். தெரியாமல் செய்தது. ஆனால் அந்தச் சிரிப்பை என்னால் விழுங்க முடியவில்லை. “நில்லுங்க, போட்டுக் காட்டுறன்” என்று சிப்பை வாங்கி ஹோர்னில் போட்டான். நான் கேட்க நிற்கவில்லை. சிப்பை மறுநாள் ஆள் அனுப்பி எடுத்தேன். அன்றைக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிறுகித் திரும்பினேன். ஒழுங்கை முடியும் வரைக்கும் அந்தச் சத்தம் பின்னால் வந்தது. நான் காதைக் கொடுக்கவில்லை. வாய்க்குள் அவனை ஏசிக்கொண்டு மிதித்தேன்.

வருடம் திரும்பி வருகிற ஆட்டைத் திவசம் முடியும்வரை பொறுத்தேன். சாவுத் துடக்கோடு அம்மனுக்கு நேர்த்தி வைக்கக் கூடாது. அந்த வருடச் சடங்குக்கு அவனும் நானும் கோயில் வீதிக்கு வெளியேதான் நின்றோம். அவன் செட்டை வேறோர் ஆள் இயக்கினான். திவசம் முடிந்த வெள்ளிக்கிழமை, முழுகிவிட்டு வந்து, நல்ல தேங்காய் ஒன்றுக்கு மஞ்சள் பூசிச் சாமி அறையில் வைத்தேன்.

“அம்மாளே, எந்தச் சிரிப்போட அவன் என்ட முகத்துக்கு முன்னால நிண்டானோ, அந்தச் சிரிப்பு ஊர் நடுவுல அவனுக்குத் திரும்பி வரவேணும். வந்தா இந்தத் தேங்காய உன்ட வாசல்ல உடைக்கிறன்.”

நல்லதுக்குத்தான் நேர்த்தி வைக்க வேண்டும் என்று சொல்வார்கள். எங்கள் அம்மன் கோபத்தோடு வந்தவள். அதனால்தான் சடங்கின் கடைசி நாளில் குளிர்த்தி பாடி அவளைக் குளிரவைக்கிறோம். கோபம் என்றால் என்னவென்று அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

ஒவ்வொரு வெள்ளியும் விளக்கேற்றிவிட்டு அந்தத் தேங்காயை எடுத்துக் காதோடு வைத்துக் குலுக்குவேன். முதலில் தண்ணீர் நிறையச் சளசளத்தது. மாரி மழை தொடங்கும்போது பாதியாகிவிட்டது. தை பொங்கல் கழிந்து ஒரு வெள்ளி, தண்ணீர்ச் சத்தமே இல்லை. பிறகு பங்குனி வெயிலில் உள்ளே பருப்பு ஓட்டைவிட்டுக் கழன்று, கல்லுப்போல் டொக் டொக் என்று அடிக்கத் தொடங்கியது. நான் வைத்த கோபமும் அப்படித்தான். ஈரம் எல்லாம் வற்றி, கட்டியாகிப் போனது. அவளை நினைத்து அழுவதுகூடக் குறைந்துவிட்டது. அவனை நினைப்பதற்கே நேரம் சரியாக இருந்தது.

கோயில் சபையில் நானும் ஓர் உறுப்பினன். பன்னிரண்டு வருடமாகக் கூட்டத்துக்குப் போய், தேத்தண்ணி குடித்துவிட்டு, வாயைத் திறக்காமல் வருகிறவன். போன வருடச் சடங்குக்கு முந்திய கூட்டத்தில் எழும்பி நின்றேன். ஹோர்னில் பாட்டின் சொல் விளங்கவில்லை, சனம் குறை சொல்கிறது, டவுனிலிருந்து பொக்ஸ் ஸ்பீக்கர் செட் எடுக்க வேண்டும் என்றேன்.

“என்ன, மச்சானுக்கும் மச்சானுக்கும் பிரச்சினையோ?” என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது.

“அம்மன்ட காரியத்துல மச்சான் என்ன மாப்பிள என்ன?” என்றேன்.

அந்தச் சொல்லுக்கு யாராலும் மறுப்புச் சொல்ல முடியவில்லை. அம்மன் பெயரைச் சொல்லித்தான் அதைச் செய்தேன். அது பொய் என்பது அவளுக்கும் எனக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

போன வருடம் குளிர்த்தி நாள் பின்னேரம். கோயில் வீதி நிறையச் சனம் வந்து பாயும் சாக்கும் விரித்து இருந்துவிட்டது. டவுன் செட்காரர் ஆளுயரத்துக்குக் கறுத்தப் பெட்டிகளை இரண்டு பக்கமும் அடுக்கியிருந்தார். அதில் அவர் ஒரு பாட்டுப் போட்டபோது சிலம்பு காதுக்குப் பக்கத்தில் குலுங்குவதுபோல் இருந்தது. சனம் வாயைப் பிளந்தது. அதற்காகத்தான் காத்திருந்தேன். மச்சானுடைய சிப்பை அவரிடம் கொடுத்தேன்.

“இதுல இந்தப் பாட்டு ஒண்ட மட்டும் போடுங்க தம்பி. நான் அங்க தூணடியில நிப்பன். கைய உயர்த்தினதும் நிப்பாட்டுங்க. அதுக்கு அங்கால போடவே வேணாம்.”

அதற்கு அங்கால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பாட்டு முடிகிற இடத்தில் கதவு திறக்கும். கதவு திறந்தால் குரவை. அந்தப் பைலை நூறு தடவைக்கு மேல் கேட்டவன் நான்.

மைக்கில் அறிவித்தார்கள்: “இப்போது, முந்திய ஒரு வருடம் நமது ஊர்ச் சவுண்ட் செட் உரிமையாளர் பதிவு செய்த பாடல்.” பாட்டு வந்தது. ஹோர்ன் மறைத்து வைத்திருந்ததை எல்லாம் அந்தப் பெட்டிகள் வெளியே தூக்கிப் போட்டன. ஈரச் சாக்கு, கடுகு, நிழல் அடி, எல்லாம் கோயில் வீதி முழுக்க.

“என்னகா இது, வாவிக்க மூழ்கித்தா பாடியிரிக்காங்க?”

“இல்லகா, வாய் நிறைய வெத்தில.”

“புழுங்கல் கொதிக்கிது. ஆராவது போய் உலை மூடியத் திறவுங்கடி!”

சிரிப்பு ஒரு பாயிலிருந்து அடுத்த பாய்க்குப் பரவியது. மச்சான் கிணற்றடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பதினைந்து வருடத்தில், துடக்கு வருடத்தைத் தவிர்த்தால், முதன்முறையாகச் சடங்கு நாளில் வேலை இல்லாமல், வெள்ளை வேட்டியோடு. அவனைப் பார்த்து யாரோ, “என்ன முதலாளி, மைக்க மீன் தொட்டிக்குள்ளயா வச்ச?” என்று கேட்டார்கள். அவனுடைய முகம் கறுத்துச் சுருங்கியது. நான் அதைப் பார்த்தேன். இந்த இடத்தில் நான் பொய் சொல்லப்போவதில்லை. இனித்தது. இரண்டு வருடமாக வாய்க்குள் இருந்த கசப்பு ஒரு நிமிடத்தில் போனது. அம்மாளே, கேட்டாய் என்று மனதுக்குள் கும்பிட்டேன். இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இன்னும் கொஞ்சம் என்று நின்றேன்.

பாட்டு முடிந்தது. என் கை உயரவில்லை.

குரவை வந்தது. அந்தக் குமிழிச் சத்தம், ஆளுயரப் பெட்டியில்.

ஒரு கணம் யாருக்கும் அது என்னவென்று விளங்கவில்லை. பிறகு பெண்கள் பக்கத்தில் ஒருத்தி, “தாராக் குஞ்சுகா, குவா குவா!” என்றாள். இன்னொருத்தி தொண்டையில் கையை வைத்து அதே மாதிரிக் கொப்பளித்துக் காட்டினாள். அதுவரை வந்ததெல்லாம் சிரிப்பே அல்ல. அப்போது வந்ததுதான் சிரிப்பு. ஆண்கள், பெண்கள், தாய்மாரின் மடியில் கிடந்த பிள்ளைகள்கூட. அவளோடு வருடா வருடம் ஒரே பாயில் இருந்து குரவை போட்ட பெண்கள். ஒருவருக்கும் அவளைத் தெரியவில்லை.

தெரிந்தவன் ஒருவன். கிணற்றடியிலிருந்து மச்சான் ஓடி வந்தான். பாயில் இருந்தவர்களைத் தாண்டி, ஒரு பிள்ளையின் கையை மிதித்து, டவுன் செட்காரரைத் தள்ளிவிட்டு, வயரைப் பிடித்து இழுத்தான். பிளக் சுவரிலிருந்து பிய்ந்து வந்தது.

“ஆர் சிரிச்ச? ஆர்ரா சிரிச்ச? அது எங்கட அக்கா!”

கோயில் வீதி அடங்கியது. அவன் வயரைக் கையில் பிடித்தபடி மூச்சு வாங்கினான். நான் தூணடியில் நின்றேன். என் கை அப்போதுதான் உயர்ந்தது.

அன்றைக்குக் குளிர்த்தி பாடி முடிந்து, குரவை போட வேண்டிய நேரம் வந்தபோது, பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வாயைத் திறக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. கட்டாடியார் வேப்பம்பத்திரக் கொத்தோடு ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கடைசியில் மச்சானுடைய பெண்சாதி தொடங்கினாள். மெல்லிசாக, நடுவில் உடைந்து. அம்மன் அன்றைக்குக் குளிர்ந்தாளோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

நாலாம் நாள் மச்சான் என் வீட்டுக்கு வந்தான். சிப்பைக் கொடுத்தது யார், கை காட்டுவதாகச் சொன்னது யார் என்பதை டவுன் செட்காரர் அவனிடம் சொல்லியிருந்தார். நான் வாவென்றும் சொல்லவில்லை, போவென்றும் சொல்லவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தான்.

“அந்தக் காதுச் சாமானத் தாங்க அத்தான்.”

கொடுத்தேன். சிப்பையும் போனில் போட்டுக் கொடுத்தேன். அவன் கேட்டான். முழுவதையும் கேட்டான். ஊர் நடுவில் சனம் சிரித்தபோது சுருங்கிய முகம் இப்போது சுருங்கவில்லை, அப்படியே செத்துப்போய் இருந்தது. கழற்றி மேசையில் வைத்தான்.

“இது அக்கா இல்ல.”

“ஓம். நீ செஞ்சது.”

“ஓம், நான் செஞ்சதுதான். தெரியாமச் செஞ்சன். நீங்க தெரிஞ்சி செஞ்சீங்க.”

அவன் எழும்பிச் சாமி அறைப் பக்கம் போய்க் கும்பிட்டான். தேங்காய் கண்ணில் பட்டது. எடுத்துக் குலுக்கினான். டொக் டொக்.

“இது என்ன நேர்த்தி?”

“உனக்கு வச்சது.”

“நல்லதுக்கா, கெட்டதுக்கா?”

“கெட்டதுக்கு.”

அவன் தேங்காயை இன்னொருமுறை காதோடு வைத்துக் குலுக்கிப் பார்த்தான். ஏதோ பழுதான சாமானைத் திருத்த வாங்கிப் பார்க்கிறவன்போல.

“நடந்திற்றுத்தானே அத்தான். நடந்த நேர்த்தியக் குடுக்காம வீட்டுக்க வச்சிரிக்கப்படாது. ஒழும்புங்க.”

அவனுடைய மோட்டார் சைக்கிளில், அவன் ஓட்ட, நான் பின்னால் தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கோயில் கதவு மறுபடி பூட்டியாயிற்று. இனி அடுத்த வைகாசிக்குத்தான். பூட்டிய கதவுக்கு முன்னால் இருந்த கல்லில் ஓங்கி அடித்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காய்ந்த கொப்பரை உருண்டை வெளியே துள்ளி, மணலில் உருண்டு, அவனுடைய காலடியில் போய் நின்றது. கும்பிட்டேன். கேட்டதைத்தான் அம்மன் கொடுத்திருந்தாள். கேட்டபடியே, ஒரு சொல்லும் குறைக்காமல்.

திரும்பும்போது அவன் சொன்னான்: “அண்டைக்கு நான் ஹோர்ன்ல போட்டுக் காட்டக்குள்ள நீங்க நிண்டு கேக்கல்ல. இண்டைக்குக் கேளுங்க.”

வேண்டாம் என்றேன். அவன் என் பேச்சைக் கேட்கவில்லை. பின்னேரம் ஒரு ஹோர்னையும் அம்ப்ளிபயரையும் கொண்டுவந்து, என் வீட்டு வளவின் வாவிக்கரை ஓரமாக நிற்கிற பூவரசில் கட்டினான். “இங்க நிண்டா சரிவராது. தோணிய எடுத்துத்துப் போங்க. நடுவுக்குப் போனதும் துடுப்பத் தூக்கிக் காட்டுங்க. நீங்க கை காட்டுற வடிவுதான் தெரியுமே, இந்த முறையாவது நேரத்துக்குத் தூக்குங்க.”

தோணியைத் தள்ளினேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. காற்றுக் குறைவு. நடு வாவிக்குப் போனதும் துடுப்பைத் தூக்கினேன்.

முதலில் பாட்டு. சொல் விளங்கவில்லை. உடுக்கு கலங்கி வந்தது. எப்போதும் அப்படித்தானே வந்தது. பிறகு அவள். குமிழி இல்லை. விசில் இல்லை. ஹோர்னும் தூரமும் தண்ணீரும் அந்தப் பிழைகளை எல்லாம் வழியிலேயே வடித்துவிட்டன. மிஞ்சியது நான் வரம்பில் நின்று கேட்டது. நடுவில் அந்தச் சின்ன இடைவெளி. மூச்சு. பிறகு கொஞ்சம் மேலே ஏறி.

தோணியில் இருந்து கிழக்கே பார்த்துக் கும்பிட்டேன். கரையில் அவன் பூவரசுக்குக் கீழே, பொட்டுப்போல, வேட்டியோடு நின்றான். அவன் சொன்னது சரி. ஹோர்னில் ஒரு வித்தியாசமும் இல்லை. அன்றைக்கு ஒழுங்கையில் சைக்கிளை ஒரு நிமிடம் நிறுத்தியிருந்தால் எனக்கு இது தெரிந்திருக்கும். அது இன்னும் கோபத்தைக் கூட்டியது.

இதைக் கேட்டவர்கள், அப்படியென்றால் மன்னித்துவிட்டீர்களா என்கிறார்கள். இல்லை. நேர்த்தி வேறு, மன்னிப்பு வேறு. பக்கத்தில் இருந்து அவள் குரலைக் கேட்கும் வழியை அவன் அழித்துவிட்டான். தண்ணீருக்கு அப்பால் போனால்தான் எனக்கு என் பெண்சாதி. அதை நான் மறக்கப்போவதில்லை. நான் செய்ததை அவனும் மறக்கப்போவதில்லை. சந்தியில் கண்டால் இரண்டு பேரும் தலையை ஆட்டுவோம், அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஹோர்னை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அம்ப்ளிபயரைக் கழற்றிக் கொண்டுபோனான், அதற்குப் பதிலாகக் காக்காவிடம் ஒரு சின்னதை வாங்கிப் பூட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுப் பொடிச்சி அம்ப்ளிபயர் ஆளியைத் தட்டிப் பாட்டைப் போடுவாள், நான் தோணியில் போவேன். ஆவணி பிறந்ததும் மச்சான் வந்து பூவரசை அண்ணாந்து பார்த்தபடி நின்றான்.

“அத்தான், கலியாணம் நாலு வந்திரிக்கி. ஹோர்னத் தாங்களன்.”

“தரமாட்டன்.”

“ஒத்த ஹோர்ன வச்சித்து நான் எப்பிடித் தொழில் பாக்கிற?”

“ஒத்தையில நான் இரிக்கிறன்தானே” என்றேன்.

அவன் செருப்பை உதறினான். பிறகு மரத்தில் ஏறினான். கழற்றத்தான் போகிறான் என்று நினைத்து, பக்கத்தில் கிடந்த கத்தியோடு எழும்பினேன். அவன் ஹோர்னின் வாயைப் பிடித்து, தளர்ந்திருந்த கம்பியை இறுக்கி, சரியாக வாவியின் நடுவைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, இறங்கிப் போனான்.